பதினொருவரின் பெயர் எங்கே?

சுன்னாகம் என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் எழுவது அ. குமாரசாமிப் புலவரின் பெயர். அவருக்கும் முந்திய தலைமுறைகளில் வாழ்ந்த வரத பண்டிதரின் பெயரும் உடன் எழும். 1930 முதல் 1958 வரை 'ஈழகேசரி' இதழ் அச்சேறியதும் இந்த மண்ணிலேதான். கமக்காரருக்கோ சுன்னாகம் என்றால் சந்தை. வலிகாமத்துத் தோட்டங்களின் வெங்காயமும் மரவள்ளியும் வாழைக்குலையும் விடியுமுன் வந்து குவியும் சந்தை அது. புலமைக்கும் வாணிகத்துக்கும் பேர்போன இவ்வூருக்கு மூன்றாவது பெருமையும் ஒன்றுண்டு. அதை எழுதி வைக்க ஒருவரும் முன்வரவில்லை. அதைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

சில காலத்துக்கு முன் சுன்னாகத்தில் ஒரு முதியவரைக் கண்டோம். எண்பதைக் கடந்தவர். சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கிடுகு வேலி போய்த் தகர வேலி வந்துவிட்ட ஓர் ஒழுங்கையில் அவர் வீடு. படலையைத் திறந்து எம்மை உள்ளே அழைத்தவர் கைத்தடியை ஊன்றியே நடந்தார். வலது முழங்கால் மடங்க மறுத்தது. இந்தக் கால்களையா நாம் சிறுவராய் இருந்த நாளில் வேலிமேல் ஏறி நின்று பார்த்து வியந்தோம் என்று எண்ணியபோது எமது நெஞ்சு கனத்தது.

அவர் உதைபந்தாட்ட வீரர். வலது ஓரத்தில் நின்று ஆடுவார். பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் எதிரணியினர் இருவர் அவரை நோக்கி ஓடுவர். அந்த இருவரும் ஓடிவிட்ட இடத்துக்குப் பந்தைத் தட்டி விடுவதே அவருடைய வித்தை. தாமே அடித்த கோல்களிலும் பிறர் அடிக்க அவர் வழி செய்து கொடுத்தவையே மிகுதி. செம்மண் தரையிலே, வெறுங்காலோடு, மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும் தோற்பந்தோடு ஆடிய காலம் அது. பந்தின் வாயை நாடாவினால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். தலையால் முட்டும்போது அந்தக் கட்டு நெற்றியில் பட்டால் குருதி வரும். அப்படி வந்த தழும்பொன்றை அவர் எமக்குத் தொட்டுக் காட்டினார்.

அவருடைய பெயரை நாம் இங்கே குறிக்கவில்லை. அது மறதியன்று; அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கியதே. "தம்பிமார், என் பெயரை மட்டும் போட வேண்டாம். போடுவதானால் பதினொரு பேருடைய பெயரையும் போடுங்கோ. நான் தனியே நின்று ஆடவில்லை" என்றார். நியாயமான வேண்டுகோள் அது. உடனே எழுதுகோலை எடுத்தோம். அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். கோல் காப்பாளர், பின் வரிசை இருவர், நடு வரிசை மூவர், முன் வரிசை ஐவர் என்று அந்நாளைய வழக்கப்படி ஆடுகளத்தைத் தம் முற்றத்து மணலிலே கைத்தடியால் வரைந்தார். எட்டுப் பெயர் வந்தன. ஒன்பதாவதிடத்தில் தடி நின்றுவிட்டது. "நல்ல பொடியன். இடது காலால்தான் அடிப்பான். தகப்பனுக்குப் புகையிலைத் தோட்டம். பெயர்தான் வருகுதில்லை" என்றார். அவருடைய துணைவியார் கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது நினைவு வரும் என்று ஆறுதல் கூறி விடைபெற்றோம்.

மூன்று திங்கள் கழித்து மீண்டும் போனோம். அம்முறை ஆறு பெயரே வந்தன.

அன்பர்களே, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்த ஆறு என்னும் எண்தான். முதல் நாள் குறித்து வைத்திராவிட்டால் அந்த இரு பெயர்களும் இந்த உலகை விட்டே மறைந்திருக்கும். எஞ்சிய மூவருடைய பெயர்கள் மறைந்தேவிட்டனவா? ஊர்களுக்கிடையே நடந்த கிண்ணப் போட்டியொன்றில் அந்த அணி வென்றபோது அன்றைய நாளேடு ஒன்று பெயர்ப் பட்டியலைப் படத்தோடு வெளியிட்டது என்று முதியவர் உறுதியாகக் கூறினார். அந்த இதழை நாம் தேடினோம். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே இறுதி நாளிலும் யூன் முதல் நாட்களிலும் யாழ்ப்பாணத்திலே மூட்டப்பட்ட தீயில், தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு பொது நூல்நிலையம் எரிந்தது. 'ஈழநாடு' பத்திரிகையின் பணிமனையும் அதே நாட்களில் எரிந்தது. ஏட்டுச் சுவடிகள் எரிந்ததை எண்ணி நாம் கண்ணீர் வடித்தோம்; வடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாம்பலோடு எத்தனை ஊர்களின் விளையாட்டுச் செய்திகளும் கலந்து போயின என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

ஏட்டில் போனது வீட்டிலாவது இருக்காதா என்று கேட்கலாம். 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் ஒருசேரத் தென்மராட்சி நோக்கி நடந்ததை இவ்வூரில் மறந்தவர் எவருமில்லை. மழையிலே, கைக்குழந்தையையும் கிழவியையும் சுமந்து நடந்தவன் வெள்ளிக் கிண்ணத்தையும் கண்ணாடி போட்ட படத்தையுமா சுமந்திருப்பான்? முதியவரும் விட்டுவிட்டே போனார். திரும்பி வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்ததாம்.

ஆகவே ஏடும் இல்லை, வீட்டிலும் இல்லை. எஞ்சியிருப்பது மனிதர்களின் நினைவு ஒன்றே. அதுவும் மூன்று திங்களில் எட்டு ஆறாகும் நினைவு.

இம்முதியவரின் வாழ்க்கை ஒரு தனி மனிதனின் கதையன்று. நம்மினத்தின் அரசியற் கதையும் அதனுள் அடங்கியிருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில், ஆட்டத்திறன் கண்டு கொழும்பிலே அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் அவருக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. திணைக்கள அணிகளும் படையணிகளும் பொலிஸ் அணியுமே தலைநகரின் உதைபந்தாட்டத்தில் ஓங்கியிருந்த காலம் அது. நாட்டின் அணியில் இடம்பெற விரும்புபவன் ஏற வேண்டிய ஏணியின் முதற்படி அரசாங்க வேலையே. ஆனால் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் அந்த ஏணியின் அடியிலே கோடரி வைத்திருந்தது. சிங்களத்தில் தேர்ச்சி பெறாதவனுக்கு வேலை உறுதியாகாது. சம்பள உயர்வும் இல்லை. காலால் ஆடுபவனுக்கு எதற்கு மொழித் தேர்வு என்று அவர் கேட்டாராம். விடை கிடைக்கவில்லை. மூன்றாம் ஆண்டிலே, சுன்னாகத்திலிருந்து வெங்காயம் ஏற்றி வந்து வெறுமையாய்த் திரும்பிய லொறி ஒன்றில் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் கொழும்பிலே பந்து தொட்டதில்லை.

வந்தவர் மண்வெட்டியைக் கையிலெடுத்தார். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவது, மாலையில் ஆட்டம் என்று வாழ்ந்தார். 1970க்கும் 1977க்கும் இடையில், வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரன் சற்றே தலை நிமிர்ந்தான். அந்நாட்களில் ஒவ்வொரு போகத்திலும் முதல் அந்தர் வெங்காயம் விற்ற காசில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுப்பது அவர் வழக்கம். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, கப்பலில் வெங்காயம் வந்தது, விலை வீழ்ந்தது. "அப்போதும் பந்து வாங்கினேன் தம்பி, ஆனால் கடனுக்கு" என்று சிரித்தார். அச்சிரிப்பிலே கசப்பு இருக்கவில்லை. எமக்குத்தான் கசந்தது.

மற்றொரு வீரரை இங்கே நினைக்கிறோம். துளசிதாஸ் பலராம் சிக்கந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவிலே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பயிற்சிக்கு வந்து போகக் காசில்லை என்றபோது, பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் வாடகை மிதிவண்டிக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார் என்று பலராமே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலே அவர் இருந்தார். 1960இல் உரோமாபுரியில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்றென வென்று ஆசியத் தங்கம் கொண்டுவந்த அணியிலும் அவர் ஒருவர். அடுத்த ஆண்டே நோய் அவரை ஆடுகளத்திலிருந்து இறக்கியது. அப்போது வயது இருபத்தாறோ இருபத்தேழோதான். அதே ஆண்டில் ரஹீமும் புற்றுநோயால் மாண்டார். பலராம் அதன்பின் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். அர்ஜுனா விருது பெற்ற அவரைப் பத்ம விருது எதுவும் நாடி வரவில்லை. 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் கொல்கத்தாவிலே மறைந்தார். அவர் ஆடிய அணியின் கதையைக் கூறும் 'மைதான்' என்னும் திரைப்படம் அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. கொட்டகையிலே மக்கள் கைதட்டியபோது கேட்பதற்கு அவர் இல்லை.

நம்மவருள்ளும் உயர்ந்தவர் உண்டு. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் முதலிடம் பெற்று இலங்கைக்குத் தங்கம் ஈட்டினார். அதே நாட்களில்தான் இலங்கையிலே தமிழர் வீடுகள் தீக்கிரையாகிக் கொண்டிருந்தன. நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவனின் இனத்துக்கு நாடு தந்த பரிசு அது! 2024இல் அவரும் மறைந்தார். அவருடைய பெயராவது பதக்கப் பட்டியலில் இருக்கிறது. அதை எவராலும் எரிக்க முடியாது. சுன்னாகத்துச் செம்மண்ணில் ஆடியவர்களுக்கு எந்தப் பட்டியல் இருக்கிறது?

இங்கே ஒரு கேள்வி எழும். காணாமற் போனோரைத் தேடும் தாய்மார் தெருவிலே இருக்கும்போது, காணி இழந்தோர் காணிக்காகக் காத்திருக்கும்போது, பந்தாட்டக்காரரின் பெயரைத் தேடுவது ஒரு பொருட்டா என்று சிலர் கேட்பர். கேட்பது நேர்மையான கேள்வியே. அதற்கு எமது விடை இது. ஓர் இனம் துயரத்தால் மட்டும் ஆனதன்று. நாம் இழந்தவற்றைக் கணக்கிட்டு உலகத்தின் முன் வைக்கிறோம். அந்தக் கணக்கிலே நாம் எவ்வாறு வாழ்ந்தோம் என்பதும் சேர வேண்டாமா? மாலை வேளையில் ஊரே திரண்டு, சாதி பார்க்கும் வழக்கம் மற்றெல்லா இடத்திலும் இருந்தபோதும், பந்து வரும் பக்கத்தை மட்டுமே பார்த்து நின்ற அந்த ஒரு மணி நேரம் நம் வரலாறு ஆகாதா? சாதி வேற்றுமை ஆடுகளத்திலும் முற்றாக ஒழிந்திருந்தது என்று பொய்யுரைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் நல்ல பந்து வரும்போது யார் மகன் அடித்தான் என்று கேளாமல் கைதட்டிய கைகளை நாம் கண்டிருக்கிறோம்.

விளையாட்டுத் திடல்களும் நம் துயரக் கதைக்குப் புறம்பானவையல்ல. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கிலே 1999இல் திருத்த வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அதே அரங்கு இந்திய உதவியுடன் புதுக்கப்பட்டு 2016ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஓடும் பிள்ளை தன் காலடியில் இருந்தது என்னவென்று அறிந்து ஓட வேண்டும் என்பதே எமது விருப்பம். அறியாமல் ஓடுவது மகிழ்ச்சியாகலாம். அறிந்து ஓடுவது மரியாதை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வீரர்களை அழைத்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறோம். முதியவரின் வீட்டிலும் மூன்று பொன்னாடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. முழங்காலுக்கு எண்ணெய் வாங்கவோ பெயர்களை எழுதி வைக்கவோ அவற்றில் ஒன்றும் உதவவில்லை. பொன்னாடையை நாம் இகழவில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதையே கண்டிக்கிறோம்.

முதலாவதாக, ஒவ்வோர் ஊரின் விளையாட்டுக் கழகமும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். வடிவான புத்தகம் வேண்டியதில்லை. நாற்பது பக்கக் கொப்பி போதும். ஆடியவர் பெயர், ஆடிய இடம், ஆண்டு, யாரிடம் கேட்டு எழுதியது என்னும் நான்கு செய்திகள் இருந்தாற் போதும். ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எழுதியதன் ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்குக் கொடுத்தால், எரிக்க முடியாத ஏடாக அது கணினியிலே நிலைக்கும். பழைய ஈழத்து இதழ்கள் பலவற்றை அந்நிறுவனம் 2005 முதல் அவ்வாறே காத்து வருகிறது.

இரண்டாவதாக, படித்தோர் தத்தம் தொழிலால் உதவலாம். ஆசிரியர், மாணவருக்குக் கொடுக்கும் கட்டுரைப் பயிற்சிகளுள் ஒன்றை, தம் ஊரின் பழைய வீரர் ஒருவரைக் கண்டு எழுதும் பயிற்சியாக ஆக்கலாம். ஓர் ஆண்டில் ஒரு வகுப்பு முப்பது வீரரைக் காப்பாற்றிவிடும். மருத்துவர், மாதத்தில் ஒரு காலை வேளையை இம்முதியவர்களின் முழங்காலுக்கு ஒதுக்கலாம். சட்டத்தரணிகளுக்கு இன்னும் பெரிய பணியுண்டு. நம்மூர்த் திடல்கள் பல வாய்ச்சொல்லால் விடப்பட்ட நிலங்கள். பாட்டன் கொடுத்தான், உறுதி எழுதவில்லை. பேரன் வெளிநாட்டிலிருந்து விற்க எழுதுகிறான். சட்டப்படி அவன் செய்வது தவறில்லை. ஆனால் ஓர் ஊரின் மாலைப்பொழுது அதோடு விலைபோகிறது. எஞ்சிய திடல்களையேனும் பொதுச் சொத்தாக உறுதி முடித்து வைக்க நம் சட்டத்தரணிகள் கூலி கேளாமல் முன்வர வேண்டும்.

மூன்றாவதாக, சுன்னாகத்திலே பணிமனை கொண்டுள்ள வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கும் அயற்சபைகளுக்கும் ஒரு சொல். சந்தைக்கும் தெருவிளக்குக்கும் செலவு காட்டுவதைப் போல, திடல்களின் அளவு, எல்லை, உரிமை ஆகியவற்றைக் காட்டும் பட்டியலொன்றையும் மக்கள் முன் வையுங்கள். பட்டியலில் உள்ளதை விற்பது கடினம். இல்லாததை விற்பது எளிது.

நான்காவதாக, கடல் கடந்த உறவுகளே, கனடாவிலும் இலண்டனிலும் நீங்கள் பழைய மாணவர் சங்கங்களின் பெயரால் கிண்ணங்களுக்கு ஆட்டம் நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. உங்கள் வீட்டு அலுமாரியிலே, தந்தையார் கொண்டுவந்த படப் புத்தகத்தில், வரிசையாய் நிற்கும் பதினொருவரின் படம் ஒன்று இருக்கக்கூடும். படத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பென்சிலால் எழுதிய பெயர்கள் இருந்தால் நீங்கள் அனுப்பும் பணத்தினும் பெரிய செல்வம் அது.

கமக்காரப் பெருமக்களுக்கும் ஒன்று கூறுவோம். உங்களுக்கு நாம் புத்தி சொல்லத் தேவையில்லை. விதை வெங்காயத்தைத் தனியே கட்டித் தொங்கவிட்டுக் காக்கும் வழக்கம் உங்களுடையது. பஞ்சத்திலும் அதை உண்ண மாட்டீர்கள். பழைய வீரர்களின் நினைவு அத்தகைய விதை. இன்று தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்திலே நாடறிய ஆடுகிறார்கள். நம் பாட்டிமார் வேலிக்கு அப்பால் நின்று பார்த்த ஆட்டத்தைப் பேத்திமார் நடுத்திடலில் நின்று ஆடுகிறார்கள். விதை பழுதாகவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அப்பிள்ளைகளுக்கு முன்னே இத்திசையில் ஆடியவர் யார் என்று சொல்லிக் கொடுக்க நமக்குக் கடமையில்லையா?

இரண்டாம் முறை விடைபெற்றபோது முதியவர் படலை வரை வந்தார். முற்றத்து மணலில் அவர் வரைந்த ஆடுகளம் அழியாதபடி சுற்றி நடந்து வந்ததைக் கவனித்தோம். "அந்த மூன்று பேரில் ஒருவனாவது உயிரோடு இருப்பான். எங்கேயோ ஒரு நாட்டில் இருப்பான். அவனுக்கு என் பெயரும் வராமல் இருக்கும்" என்றார். நாம் விடையளிக்க இயலாது நின்றோம்.

எட்டுப் பெயர்கள் எம்மிடம் இருக்கின்றன. மூன்று பெயர்கள் வேண்டும். ஒருவர் இடது காலால் பந்தடிப்பவர்; தகப்பனார் புகையிலைத் தோட்டக்காரர். அறுபதுகளின் நடுப்பகுதியில் சுன்னாகத்தில் ஆடிய அணியொன்றில் இருந்தவர். இதைப் படிக்கும் எவருடைய வீட்டிலாவது அவரைப் பற்றிய பேச்சு எழுமாயின், ஓர் அஞ்சலட்டையில் அப்பெயரை எழுதி எமக்கு அனுப்பக் கோருகிறோம். பதினொன்றும் நிறைந்த அன்று, முதியவரின் பெயரையும் சேர்த்து, அவர் கேட்டபடியே இப்பக்கத்தில் அச்சிடுவோம்.